மலைக்கும் முதுகு வலிக்கும்!



மல்யுத்தம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? இரும்புக் கூண்டு, பளபளக்கும் பெல்ட், முதுகில் விழும் நாற்காலி அடி, தொண்டை கிழியக் கத்தும் கூட்டம்... இவைதானே! நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும் பள்ளிக்கூடம் போன 1990களில் கேபிள் டி.வி. வழியாக இந்த ஜுரம் நம்ம ஊர்ப் பக்கமும் வந்து சேர்ந்தது. கூடவே டபிள்யூ.டபிள்யூ.எஃப். சீட்டுகளும் வந்தன. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வீரரின் படம். கீழே உயரம், எடை, மார்பளவு, புஜ அளவு. ஒருத்தன் உயரம் சொல்லி ஜெயிப்பான், இன்னொருத்தன் எடை சொல்லி ஜெயிப்பான். அந்த எண்களுக்குப் பின்னால் ஒரு மனுஷன் இருக்கிறான், அவனுக்கும் ராத்திரியில் முதுகு வலிக்கும் என்று மட்டும் எந்தச் சீட்டிலும் அச்சடித்திருக்கவில்லை!

அப்படிப்பட்ட ஒரு மனிதரின் கதையைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். ஆந்த்ரே தி ஜெயன்ட். பூத உடல் என்று நாம் சும்மா சொல்லுவோமே, அது அவருக்கு அப்படியே பொருந்தும். விளம்பரத்தில் அவர் உயரம் 7 அடி 4 அங்குலம், எடை சுமார் 236 கிலோ. அவரைப் பற்றி ஜேசன் ஹெஹிர் என்ற இயக்குநர் எடுத்த ஆவணப்படம் அமெரிக்காவில் ஹெச்.பி.ஓ. தொலைக்காட்சியில் 2018 ஏப்ரல் 10 அன்று வெளியானது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனைப் பற்றி 2020-இல் வந்த தி லாஸ்ட் டான்ஸ் தொடரை இயக்கியவரும் இவரே. எங்கள் விடுதி டி.வி. ஹாலில் ஒரு சனிக்கிழமை இரவு இந்தப் படத்தைப் போட்டோம். அதைப் பார்த்து நம்ம பசங்க என்னென்ன சொன்னார்கள் என்பதையும் பின்னால் சொல்கிறேன். முதலில் அந்த மனிதரைத் தெரிந்துகொள்வோம்.

தச்சுப் பட்டறையில் ஒரு பையன்

ஆந்த்ரே ரெனே ருசிமோஃப் 1946 மே 19-ஆம் தேதி பிரான்சில் குலோமியே என்ற ஊரில் பிறந்தார். பாரிசுக்குக் கிழக்கே சுமார் 60 கிலோமீட்டர். வளர்ந்தது பக்கத்தில் மோலியன் என்ற சின்னஞ்சிறு கிராமத்தில். அப்பா பல்கேரியாவிலிருந்து குடியேறியவர், அம்மா போலந்து நாட்டுக்காரர். ஐந்து பிள்ளைகள். சொந்தமாகப் பண்ணை. நம்ம ஊர் விவசாயக் குடும்பம் மாதிரியே காலையில் எழுந்தால் மாடு, வயல், வேலை!

அந்த வட்டாரத்தில் ஒரு பிரபல எழுத்தாளர் வீடு கட்டி வசித்தார். 1969-இல் நோபல் பரிசு பெற்ற சாமுவேல் பெக்கெட்! ஆந்த்ரே பள்ளிப் பேருந்தில் நுழைய முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டதால் பெக்கெட்தான் தினமும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார் என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. ஊர்ப் பிள்ளைகள் பலரையும் ஏற்றிப்போனவர் அவர், ஆந்த்ரே அதில் ஒரு பையன், அவ்வளவுதான் என்பது இன்னொரு வடிவம். ஆந்த்ரேயின் வாழ்க்கை முழுவதும் இப்படித்தான். உண்மை ஒரு முழம் இருந்தால் கதை ஒரு காதம் இருக்கும்!

படிப்பைப் பதினான்கு வயதில் நிறுத்திவிட்டார். அப்பாவின் பண்ணையில் மூன்று ஆள் வேலையை ஒரே ஆளாகச் செய்வார் என்று அவருடைய அண்ணன் தம்பிமார் பேசிக்கொள்வார்களாம். பிறகு தச்சு வேலையில் அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தார். அதன்பின் வைக்கோல் கட்டும் மெஷினுக்கு எஞ்சின் செய்கிற தொழிற்சாலையில் வேலை. கவனித்தீர்களா நண்பர்களே? இழைப்புளியும் உளியும் பிடித்த கை, எஞ்சின் பூட்டிய கை. நம்ம ஒர்க்‌ஷாப் ஆளுதான் அவர்! விதி வேறு மாதிரி இருந்திருந்தால் ஒரு நல்ல ஃபிட்டராகவோ ஃபோர்மேனாகவோ ஓய்வு பெற்றிருப்பார். யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது. ஒருவேளை இன்னும் அதிக நாள் இருந்திருப்பாரோ என்னவோ.

பதினெட்டு வயதில் பாரிஸ் போனார். பகலில் வீட்டுச் சாமான் தூக்கி ஏற்றி இறக்கும் வேலை, இரவில் மல்யுத்தப் பயிற்சி. பிரெஞ்சு நாட்டுப்புறக் கதைகளில் வரும் பலசாலி ஒருவனின் பெயரை ஒட்டி ஜெயான் ஃபெர்ரே என்று மேடைப் பெயர் வைத்தார்கள். 1970-இல் ஜப்பான் போனார்; அங்கே பெயர் மான்ஸ்டர் ருசிமோஃப். அடுத்து கனடாவின் மாண்ட்ரியல். அங்கே கூட்டம் அலைமோதியது. ஆனால் கொஞ்ச நாளில் ஒரு சிக்கல் வந்தது. இவரை எதிர்க்க ஆளே இல்லை! யாரை நிறுத்தினாலும் ஜனங்கள் நம்பத் தயாராயில்லை. டிக்கெட் விற்பனை சரிந்தது.

அந்த நேரத்தில் நியூயார்க்கில் தொழில் நடத்திவந்த மூத்த வின்ஸ் மெக்மஹோன் ஒரு கணக்குப் போட்டார். 1973-இல் ஆந்த்ரேயைத் தன்னிடம் சேர்த்துக்கொண்டு ஆந்த்ரே தி ஜெயன்ட் என்று பெயர் மாற்றினார். துள்ளிக் குதிக்காதே, பாய்ந்து உதைக்காதே, அசைக்க முடியாத மலையாக நில் என்பது அவர் சொன்ன யோசனை. அதைவிடப் பெரிய யோசனை, ஒரே ஊரில் அதிக நாள் நிறுத்தாமல் ஊர் ஊராக வாடகைக்கு அனுப்பியது. ஒரு வாரம் ஒரு நகரம், அடுத்த வாரம் வேறு நகரம், பிறகு ஜப்பான், மெக்சிகோ, ஆஸ்திரேலியா... எங்கேயும் அவர் பழையவராகவே ஆகவில்லை. ஜனங்களுக்கு ஒவ்வொரு தடவையும் தேர்த் திருவிழா. தேருக்குத்தான் ஓய்வே இல்லை!

உடம்பு போட்ட கணக்கு

இப்போது நம்ம பாடத்துக்கு வருவோம். பயப்படாதீர்கள், அரியர் வைத்திருப்பவர்களுக்கும் புரியும்!

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. உடல் வளர்ச்சிக்கான ஹார்மோனைச் சுரப்பது இதுதான். பெரும்பாலும் புற்றுநோய் அல்லாத ஒரு சின்னக் கட்டி அதில் வந்துவிட்டால் ஹார்மோன் அளவில்லாமல் சுரந்துகொண்டே இருக்கும். வளரும் வயதில் வந்தால் ஆள் அசாதாரண உயரம் ஆவார். எலும்பின் வளர்ச்சி முனைகள் மூடிய பிறகும் அது தொடர்ந்தால் உயரம் கூடாது. ஆனால் கை, கால், தாடை, நெற்றி, நாக்கு எல்லாம் தடித்துக்கொண்டே போகும். மூட்டு தேயும். இதயம் பெருக்கும். இதன் பெயர் அக்ரோமெகலி. ஆந்த்ரேயின் பிரம்மாண்டத்துக்குக் காரணம் சாப்பாடும் இல்லை, கசரத்தும் இல்லை. இந்த நோய்தான்!

உடம்பு பெரிதானால் பலமும் அதே அளவு கூடாதா என்று கேட்கலாம். கூடாது. 1638-லேயே கலிலியோ இதை எழுதிவிட்டார். நம்ம ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் படிக்கிறோமே, ஸ்ட்ரெஸ் என்றால் லோடு பை ஏரியா, அதே சங்கதிதான். ஐந்தரை அடி உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆந்த்ரேயின் விளம்பர உயரம் அவரைப்போல் மூன்றில் நான்கு மடங்கு. எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு உயரத்தின் வர்க்கப்படி கூடும், அதாவது சுமார் 1.78 மடங்கு. எடையோ கன அளவுப்படி கூடும், சுமார் 2.37 மடங்கு. அப்படிப் பார்த்தாலே 166 கிலோதான் வரவேண்டும். ஆந்த்ரே 236 கிலோ! அதாவது 3.37 மடங்கு லோடு, 1.78 மடங்கு ஏரியா. சாதாரண ஆளின் முழங்கால் எலும்பில் விழுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஸ்ட்ரெஸ். இது சும்மா நிற்கும்போது! இந்த உடம்பைத் தூக்கி ஆண்டுக்கணக்கில் மேடையில் போட்டுக்கொண்டே இருந்தால்? ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி என்று எதையாவது மிச்சம் வைத்திருக்குமா உடம்பு?

இங்கே ஒரு உபயோகமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த ஆளுக்குச் செருப்பு சைஸ் வருஷா வருஷம் கூடுகிறது, மோதிரம் இறுகுகிறது, தாடை முன்னால் வருகிறது, பல்லுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, கூடவே தலைவலி என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்கவேண்டும். மூக்கு வழியாகவே போய்க் கட்டியை எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. மருந்தும் கதிர்வீச்சும் இருக்கின்றன.

டி.வி. ஹாலில் மூன்று கட்சிகள்

படம் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆங்கிலப் படம் என்பதால் சிவில் பிரிவு சீனியர் அண்ணா ஒருவர் நடுநடுவே நிறுத்தித் தமிழில் சொன்னார். முதல் அரை மணி நேரத்திலேயே ஹால் மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டது.

முதலாவது, அடேங்கப்பா கட்சி. அந்தக் கையைப் பாருடா, பீர் டின் உள்ளங்கையில் காணாமலே போச்சு என்று ஆரவாரம். ஒரே மூச்சில் நூற்றுக்கு மேற்பட்ட பீர் குடித்தார் என்ற கதைக்குப் பலத்த கைதட்டல்!

இரண்டாவது, எல்லாம் டூப்பு கட்சி. ஜெயிப்பது யார் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள், இதற்குப் போய் ஒரு படமா என்று அவர்கள் கேலி.

மூன்றாவது, புள்ளிவிவரக் கட்சி. நிஜ உயரம் 7 அடி 4 அங்குலம் இல்லையாம், அதைவிடக் குறைவாம். பதினைந்து வருஷம் தோற்கவே இல்லை என்பதும் பொய். 1984-இல் மெக்சிகோவில் எல் கானெக்கிடம் தோற்றிருக்கிறார், 1986-இல் ஜப்பானில் அந்தோனியோ இனோக்கியிடம் தோற்றிருக்கிறார். இப்படி ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, விவரமான பசங்க! அவர்கள் சொன்னது அத்தனையும் சரிதான்.

பிறகு விமானக் காட்சி வந்தது.

நண்பர்களே, விமானக் கழிவறைக்குள் ஆந்த்ரேயால் நுழையவே முடியாது. ஜப்பான் போக எத்தனை மணி நேரம்! என்ன செய்வார்? திரையைப் போட்டு மறைத்து, ஒரு வாளியைக் கொண்டுவந்து கொடுப்பார்களாம். உலகமே அண்ணாந்து பார்த்த மனிதர், அந்தத் திரைக்குப் பின்னால்... இதை வருஷக்கணக்கில் சகித்திருக்கிறார். நாற்காலி, கட்டில், கார், கதவு, டெலிபோன் எண் சுழற்றும் ஓட்டை, எதுவும் அவர் அளவுக்குச் செய்யப்படவில்லை. தெருவில் இறங்கினால் கூட்டம் கூடும். தொட்டுப் பார்க்கும், சிரிக்கும், பரிகாசம் செய்யும். நமக்கெல்லாம் கூட்டத்தில் மறைந்துகொள்ளும் சௌகரியம் உண்டு. அவருக்கு ஒரு நாள்கூட அது கிடையாது.

ஹாலில் சத்தம் அடங்கிவிட்டது. அந்த நூறு பீர் கதைக்கும் அப்போதுதான் வேறு அர்த்தம் தெரிந்தது. அதில் ஒரு பங்கு சந்தோஷத்துக்கு, ஒரு பங்கு வலிக்கு. கைதட்டியவர்களே அதற்கப்புறம் தட்டவில்லை.

எங்கள் செட்டில் ஒரு நண்பன் இருக்கிறான். ஆறடி நாலு அங்குலம். டவுன் பஸ்ஸில் கழுத்தை மடக்கித்தான் நிற்பான். லேத்தில் வேலை செய்தால் முதுகை வில்லாக வளைக்கவேண்டும், ஏனென்றால் மெஷினின் உயரம் நம்மைப் போன்றவர்களுக்காக அமைந்தது. பனைமரம் என்பது பசங்க அவனுக்கு வைத்த பெயர். அவனுக்கு நோய் ஒன்றும் இல்லை, வம்சமே உயரம். அன்று அவன் பின் வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். படம் முடிந்ததும் கட்சிக்காரர்கள் எல்லோரும் ஆளாளுக்குப் பேசினார்கள். அவன் ஒன்றே ஒன்று சொன்னான். ஃபோட்டோ எடுக்கும்போது எல்லோரும் தன்னைப் பின்னால் போய் நிற்கச் சொல்வார்கள், பஸ்ஸில் தெரியாதவர்கள்கூட உயரம் எவ்வளவு என்று கேட்பார்கள், ஆனால் காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து உனக்கு லேத்தில் முதுகு வலிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

விழுவதற்கும் ஒரு பலம் வேண்டும்

டூப்பு கட்சிக்கு நான் பதில் சொல்லியாகவேண்டும். முடிவு முன்பே தெரியும், வாஸ்தவம். ஆனால் புவியீர்ப்பு யாரோடும் ஒப்பந்தம் போடுவதில்லையே! மல்யுத்த மேடை என்பது இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் கேன்வாஸ் துணி. அதில் 236 கிலோ முதுகு அடிபட விழுந்தால் அது நிஜமாகத்தான் விழுகிறது.

1980களின் நடுவில் ஆந்த்ரேயின் முதுகெலும்பு கெட்டுப்போய்ப் பெரிய அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்தது. 1986-இல் தி பிரின்சஸ் ப்ரைட் என்ற சினிமாவில் ஃபெஸிக் என்ற நல்ல மனசுள்ள ராட்சதனாக நடித்தார். மேலிருந்து குதிக்கும் கதாநாயகியைக் கையில் ஏந்தும் காட்சி. ஒல்லியான அந்தப் பெண்ணின் எடையைக்கூட அப்போது அவரால் தாங்க முடியவில்லை. கம்பிவடம் கட்டித்தான் எடுத்தார்கள். படத்தில் பார்த்தால் பூவைப் பிடிப்பதுபோல் இருக்கும்! தன் வேடங்களிலேயே அவருக்கு ரொம்பப் பிடித்தது இதுதானாம். நண்பர்களைக் கூட்டிவைத்துத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டுவாராம். ஆச்சரியமில்லை. அந்தக் கதையில் மற்றவர்கள் அவரை ஒரு தோழனாகத்தானே நடத்துகிறார்கள்!

அப்போது மூத்த மெக்மஹோனின் மகன் வின்ஸ் தொழிலை நடத்திக்கொண்டிருந்தார். அவர் ஆந்த்ரேயைக் கூப்பிட்டார். 1987 மார்ச் 29, டெட்ராய்ட் அருகே போன்டியாக் சில்வர்டோம் அரங்கம், ரெஸில்மேனியா 3. எதிரே ஹல்க் ஹோகன். அறிவித்த கூட்டம் 93,173 பேர். சுமார் 78,000 என்று சொல்பவர்களும் உண்டு. புள்ளிவிவரக் கட்சி சண்டை போடட்டும், எப்படிப் பார்த்தாலும் ஜனசமுத்திரம்தான்! ஆந்த்ரே கறுப்பு உடைக்குள் முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டு மேடையேறினார். இத்தனை வருஷம் கைதட்டிய ரசிகர்கள் அன்று அவரை வில்லன் என்று ஊளையிட்டார்கள்.

ஹோகன் அவரைத் தூக்கிப் போட்டார். அந்த ஒரு கணம்தான் அமெரிக்க மல்யுத்தத்தைப் பெரிய வியாபாரமாக்கியது என்றால் மிகையில்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். ஆந்த்ரே சம்மதிக்காமல் அவரை அசைக்க உலகத்தில் ஆள் உண்டா? தூக்க விடுவாரா மாட்டாரா என்பது மேடையேறும்வரை தனக்கே நிச்சயமாகத் தெரியாது என்று ஹோகனே படத்தில் சொல்கிறார். மனசு வைத்தால் மறுத்திருக்கலாம். நிற்கவே சிரமப்பட்ட மனிதர், எதிராளிக்குத் தோதாக உடம்பைக் கொடுத்து, சிகிச்சை செய்த முதுகில் விழுந்து, தன் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்தார். தூக்கியவர் பலசாலி என்று உலகம் எழுதியது. என் கணக்கில் அன்றைய பலசாலி விழுந்தவர்தான்!

அதோடு முடியவில்லை. 1988 பிப்ரவரி 5-இல் தொலைக்காட்சியில் இருவரும் மறுபடி மோதியதைப் பார்த்தவர்கள் 3 கோடியே 30 லட்சம் பேர். பிறகும் ஓடினார். 1990 வரை அமெரிக்காவில், அதன்பின் ஜப்பானில். எதிரியைப் பிடித்து நிற்பதா, கயிற்றைப் பிடித்து நிற்பதா என்று தெரியாத நிலை. கடைசி ஆட்டம் 1992 டிசம்பரில், ஜப்பானில்.

ஏன் மறுத்தார்?

டாக்டர்கள் நோயை விளக்கிச் சிகிச்சை செய்துகொள்ளச் சொன்னபோது ஆந்த்ரே மறுத்துவிட்டார். படம் முடிந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை எங்கள் விடுதியில் நடந்த வாக்குவாதம் இதைப் பற்றித்தான்.

முட்டாள்தனம் என்றான் ஒருவன். உயிரைவிடப் புகழா? இன்னொருவன் விடவில்லை. கடவுள் கொடுத்த உடம்பு என்று நினைத்த மனுஷன், அதை வைத்துத்தான் சோறு சாப்பிட்டவர், அதில் கைவைக்க எப்படித் துணிவார் என்றான். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. என்னைக் கேட்டால் மூன்றாவது ஒரு பக்கமும் இருக்கிறது என்பேன். டிக்கெட் வாங்கினவர்கள் பக்கம்! ரசிகர்களுக்கு வேண்டியது ராட்சதன். மேடைக்கு வேண்டியது ராட்சதன். அவருடைய நோயே அவருடைய முதலீடு ஆகிவிட்டது. இப்படி ஒரு நிலையில் வைத்துவிட்டு, நீ ஏன் சிகிச்சை செய்துகொள்ளவில்லை என்று அந்த ஒருவரை மட்டும் கேட்பது நியாயமா?

பின்னால் வந்தவர்களைப் பாருங்கள். பிக் ஷோ என்ற பால் வைட்டுக்கும் இதே நோய். 1990களின் தொடக்கத்தில், இளைஞராக இருக்கும்போதே, சிகிச்சை செய்துகொண்டார். வளர்ச்சி நின்றது. 7 அடி ஆளாக இருபது வருஷத்துக்கு மேல் மேடையில் நின்றார். வேடிக்கை என்னவென்றால், 1995-இல் அவரை ஆந்த்ரேயின் மகன் என்று சொல்லித்தான் முதலில் அறிமுகப்படுத்தினார்கள்! நம் நாட்டு இமாசலப் பிரதேசத்துக்காரர் தி கிரேட் காலியும் 2012-இல் பிட்யூட்டரி கட்டிக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். ஆக, சிகிச்சை செய்துகொண்டும் ரசிகர்களைச் சம்பாதிக்கலாம். ஆந்த்ரே அந்த வழியில் போகவில்லை. அவருக்கு முன்னால் அப்படிப் போய்க்காட்டிய பெரிய நட்சத்திரமும் யாரும் இல்லை.

கடைசிப் பயணம்

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலம் எல்லெர்பி என்ற சிற்றூரில் அவருக்கு ஒரு பண்ணை இருந்தது. மாடு, குதிரை, அமைதி. அங்கேதான் யாரும் அவரை வேடிக்கை பார்க்கவில்லை. ஊரார் கடைத்தெருவில் சகஜமாகப் பேசிவிட்டுப் போவார்கள். ஒரு மகள் உண்டு. வாழ்நாளில் அப்பாவை ஐந்தே ஐந்து முறைதான் நேரில் பார்த்திருக்கிறார். உலகம் சுற்றியவருக்குச் சொந்த மகளைச் சுற்றிவர நாள் கிடைக்கவில்லை. இதையும் நாம் மறைக்கக்கூடாது. பெரிய மனிதர்களின் கணக்கிலும் பாக்கி உண்டு.

1993 ஜனவரியில் அப்பா இறந்த செய்தி கேட்டுப் பிரான்சுக்குப் போனார். இறுதிச் சடங்கு முடிந்தும் அம்மாவோடு இருப்பதற்காகக் கொஞ்ச நாள் தங்கினார். ஜனவரி 28, பாரிசில் ஒரு ஹோட்டல் அறை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது. வயது 46. எங்கிருந்து சாமான் தூக்கிப் பிழைக்கத் தொடங்கினாரோ அதே நகரம்! அவர் விருப்பப்படி உடல் தகனம் செய்யப்பட்டு, சாம்பல் அந்த எல்லெர்பி பண்ணையில் தூவப்பட்டது. அதே ஆண்டு டபிள்யூ.டபிள்யூ.எஃப். தன் புகழரங்கத்தைத் தொடங்கி, முதல் பெயராக அவர் பெயரைச் சேர்த்தது.

நமக்கு என்ன?

உருவத்தைப் பார்த்து யாரையும் இகழாதே, உருண்டோடும் பெரிய தேருக்கு அச்சாணி எவ்வளவு சின்னது பார் என்று வள்ளுவர் சிறிய உருவத்துக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். ஆந்த்ரேயைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குத் தோன்றுவது, அந்தப் பெரிய தேருக்காகவும் யாராவது பரிந்து பேசவேண்டும் என்பதுதான். தேருக்கு வடம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். அச்சு தேய்கிறதா என்று குனிந்து பார்க்க எத்தனை பேர்?

நாம் நாளைக்கு மெஷின் டிசைன் செய்யப்போகிறவர்கள். கட்டடம் கட்டப்போகிறவர்கள். ஒரு கதவின் உயரம், ஒரு இருக்கையின் அகலம், ஒரு மெஷின் மேடையின் மட்டம் எல்லாம் நம்மில் யாரோ ஒருவர் டிராயிங் போர்டில் போடும் கோடுதான். சராசரி ஆளுக்கு மட்டும் கோடு போட்டால், சராசரிக்கு மேலே உள்ளவனும் கீழே உள்ளவனும், கை கால் சரியில்லாதவனும் அந்தத் திரைக்குப் பின்னால் வாளியோடு நிற்கவேண்டியதுதான். ஆந்த்ரே படத்தில் நான் படித்த பாடம் இது.

இன்னொரு சேதி. படம் போட்ட அடுத்த வாரம் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மாற்றம் நடந்தது. உயரமான நண்பனுக்காக ஃபிட்டிங் மேஜை ஒன்றின் கால்களுக்கு அடியில் ஆறு அங்குல மரக்கட்டைகள் வைத்து உயர்த்திவிட்டார்கள். இன்ஸ்ட்ரக்டர் ஐயா அனுமதி கொடுத்தார், கார்ப்பென்டரி செக்‌ஷன் பசங்க கட்டை அறுத்தார்கள். பெரிய காரியம் ஒன்றும் இல்லை, அரை மணி நேர வேலை. முதல் நாள் அவன் நிமிர்ந்து நின்று அரம் போட்டதைப் பார்த்தேன். பனைமரம் என்ற பெயர் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் இப்போது அவனைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் கூடிவருகிறார்கள்.

அந்த மேஜை ஒர்க்‌ஷாப்பில் ஜன்னலோரம் இருக்கிறது. முதலாமாண்டுத் தம்பிகள் கட்டைகளைக் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

— மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்